சீன இணையப் பேச்சு: பட்டியலா, பிலிபிலியா, பழகிய ஆளா?

ஹெச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வில் நான்காம் நிலையைத் தாண்டியதும் சீன மொழி படிப்பவர்களுக்கு ஒரு தைரியம் வரும். மெனு கார்டு படிக்கலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம், வீட்டு ஓனரிடம் குழாய் ஒழுகுவதைச் சொல்லலாம். அதே தைரியத்தோடு ஒரு வீடியோவின் கமெண்ட் பகுதியைத் திறந்தால் நாலு வரிக்குள் எல்லாம் இறங்கிவிடும். ஒருவர் வெறும் 2333333 என்று எழுதியிருப்பார். இன்னொருவர் ஏடபிள்யூஎஸ்எல் என்று நாலே எழுத்து. மூன்றாமவர் ஏதோ ஓர் ஊர்ப்பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் கண்ணீர் விட்டுச் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டிருப்பார். பாடப்புத்தகம் இங்கே உதவாது. சீனக் கல்வி அமைச்சகம் 2021இல் வெளியிட்ட தர அளவில் ஒன்பது நிலைகள், மொத்தம் 11,092 சொற்கள். அத்தனையையும் கரைத்துக் குடித்தவருக்கும் இந்த மூன்று கமெண்ட் புரியாது.

அப்படியென்றால் எங்கே போய்க் கற்பது? ஆண்டு இறுதியில் வரும் 'பிரபல சொற்கள்' பட்டியல் இருக்கிறது. 'பத்து சீன ஸ்லாங்' வகை வீடியோக்களும் கட்டண வகுப்புகளும் இருக்கின்றன. பிலிபிலி (வீடியோ), ஷியாவ்ஹோங்ஷு (படமும் குறிப்பும்), வெய்போ (குறும்பதிவு) என்று சீனர்களே புழங்கும் தளங்கள் இருக்கின்றன. பேசிப் பழக ஒரு சீன நண்பரையும் பிடிக்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படித்துப் புரிந்துகொள்ளப் பிலிபிலியும் ஷியாவ்ஹோங்ஷுவும் போதும், நீங்களே ஒரு சொல்லை எடுத்து வீசும் முன் ஒரு ஆளிடம் கேட்டே ஆக வேண்டும், பட்டியல் பக்கத்துணை, ஸ்லாங் வகுப்புக்குக் காசு கொடுக்கவே வேண்டாம்.

காரணம், எல்லா ஸ்லாங்கும் ஒரே ரகம் இல்லை. ரகம் மாறினால் கற்கும் இடமும் மாறுகிறது.

ஒரே மாலையில் முடிவது, முடியாதது

எண்களில் தொடங்கலாம். 520ஐ வாய்விட்டுச் சொன்னால் 'வு அர் லிங்'. 'வோ ஐ நி', அதாவது நான் உன்னைக் காதலிக்கிறேன் என்பதற்குக் கிட்டத்தட்ட அதே ஒலி. அதனால் மே 20 சீனாவில் இன்னொரு காதலர் தினமாகவே ஆகிவிட்டது. 88 என்றால் பை பை. 666 என்றால் 'அசத்திட்டே'. ஆறு என்ற சொல்லின் ஒலி, வழுக்கிக்கொண்டு போகிற லாவகத்தைக் குறிக்கும் சொல்லை ஒட்டி வருகிறது. 233 மட்டும் ஒலியால் வந்ததில்லை. மாவ்பு என்ற பழைய இணையதளத்தில் தரையைத் தட்டிச் சிரிக்கும் பொம்மையின் வரிசை எண் அது. பின்னால் எத்தனை மூன்று சேர்க்கிறார்களோ அவ்வளவு சிரிப்பு.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் சீன சப்ளையரோடு பேசிப் பழகிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்த சப்ளையர் 666னு அனுப்பியிருக்கான்."

"நீ சீன மொழியில வாய்ஸ் மெசேஜ் போட்டியே, அதுக்குப் பாராட்டுறான்டா."

"நான் அதை யூனிட் விலைன்னு எக்ஸெல்ல ஏத்திட்டேண்ணே."

அடுத்தது எழுத்துச் சுருக்கம். சீனர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டித்தான் சீன எழுத்தை வரவழைக்கிறார்கள். அவசரக்காரர்கள் முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டதில் பிறந்தது ஒரு பெரிய கூட்டம். எக்ஸ்எஸ்டபிள்யூஎல் என்றால் 'ஷியாவ் ஸ வோ ல', சிரிச்சே செத்தேன். ஏடபிள்யூஎஸ்எல் என்றால் 'ஆ, வோ ஸ ல', ஐயோ செத்தேன். பூனைக்குட்டியைப் பார்த்தாலும் சொல்வார்கள், பிடித்த நடிகரைப் பார்த்தாலும் சொல்வார்கள். ஒய்ஒய்டிஎஸ் என்றால் 'யோங்யுவான் த ஷென்', என்றைக்கும் கடவுள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டில் உஸி என்ற வீரரைப் புகழ்ந்து நேரலையில் கத்திய வாசகம் இது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் சமயத்தில் பதக்கம் வாங்கிய எல்லோர் தலையிலும் விழுந்தது.

இந்த இரண்டு ரகத்தையும் ஏதாவது ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒரே மாலையில் முடித்துவிடலாம். வகுப்புகளும் குட்டி வீடியோக்களும் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். வருடா வருடம் அதே 520, அதே 666. எளிதாக விளக்கலாம், திரையில் பெரிதாகக் காட்டலாம் என்பதால் அவர்களுக்கு அது தோது. இலவசமாகக் கிடைத்தால் ஒருமுறை பாருங்கள். அந்த வழியைப் பற்றி அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

சிக்கல் ஒலிமாற்றத்தில் தொடங்குகிறது. முதலில் சொன்ன அந்த ஊர்ப்பெயர் பெங்பூ. அன்ஹுய் மாகாணத்தில் நிஜமாகவே இருக்கும் ஒரு நகரம். 'பெங்பூ ஜூ ல' என்று எழுதியிருப்பதை அகராதியில் போட்டால் யாரோ பெங்பூவில் குடியிருப்பதாகத்தான் வரும். எழுதியவர் சொல்ல வந்தது, 'என்னால் அடக்க முடியலை' என்பதை. சிரிப்பையோ அழுகையையோ இதற்குமேல் கட்டுப்படுத்த முடியாது என்ற தொடருக்கு, அதே ஒலியுள்ள ஊரைத் தூக்கி வைத்துவிட்டார்கள். 2016இல் தெற்குச் சீனாவின் குவாங்சியில் உள்ள நான்னிங்கில் காதல் தோல்வியில் ஓர் இளைஞர் வீடியோ போட்டார். மனசு கஷ்டமா இருக்கு, அழணும்போல இருக்கு என்பதற்கு 'நான்ஷோவ், சியாங்கூ' என்று சொல்ல வேண்டும். அவருடைய ஊர் உச்சரிப்பில் அது 'லான்ஷோவ், சியாங்கு' என்று விழுந்தது. கேட்டவர்கள் அதை அப்படியே 'நீலம், மெலிவு, காளான்' என்ற எழுத்துகளில் எழுதிப் பரப்பினார்கள். தெற்கத்திக்காரர்கள் ந, ல என்ற ஒலிகளைக் குழப்புவார்கள் என்று காதுக்குத் தெரிந்திருந்தால்தான் இந்த வேடிக்கை பிடிபடும். எந்தப் பட்டியலும் அந்தக் காதைத் தராது.

இன்னும் கடினமானது, சாதாரணச் சொல் வேறு முகம் காட்டுவது. தர்பூசணி தின்பது ('ச்ச குவா') என்றால் அடுத்தவர் வம்பை ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது. பூண்டுத்தாள்போல இருக்கும் 'ஜியோட்சாய்' கீரை, அறுக்க அறுக்க முளைப்பது. பங்குச்சந்தையில் திரும்பத் திரும்ப ஏமாறும் சின்ன முதலீட்டாளர்களுக்கு அதுதான் பெயர். மீன் தடவுவது ('மோ யூ') என்றால் ஆபீஸில் வேலை செய்வதுபோல் பாவனை காட்டிப் பொழுதை ஓட்டுவது. 2020இல் பரவிய 'ஃபான்அர்சாய்' பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைதான்: புலம்புகிற தொனியில் பெருமை அடிப்பதற்கு அந்தப் பெயர். 'எங்க வீட்டுல மூணாவது மாடிக்கு வைஃபை வரவே மாட்டேங்குது, ஒரே தொல்லை' என்று எழுதினால் கீழே யாராவது ஃபான்அர்சாய் என்று போட்டுவிட்டுப் போவார்கள். இதற்கெல்லாம் பொருளைத் தெரிந்துகொள்வது பாதிக் கிணறு. எந்த இடத்தில் குத்துகிறது, எந்த இடத்தில் கொஞ்சுகிறது என்பது நூறு தடவை பார்த்தால்தான் படியும்.

பட்டியலை எப்படிப் படிப்பது

ஷாங்காயிலிருந்து வரும் 'யாவ்வென் ஜியாவ்ட்ஸ' என்ற மொழி இதழ் 1995இல் தொடங்கியது. 2008 முதல் ஆண்டுதோறும் பத்துப் பிரபல சொற்களை அறிவிக்கிறது. தேசிய மொழிவள கண்காணிப்பு ஆய்வு மையமும் டிசம்பரில் தனியாக இணையச் சொற்கள் பத்து என்று ஒரு பட்டியல் தருகிறது. இரண்டுமே நம்பகமானவை, இலவசமானவை. ஆனால் யார் தொகுப்பது என்பதை மறக்கக்கூடாது. அந்த மையத்தின் 2021 பட்டியலில் ஒய்ஒய்டிஎஸ், 'போஃபாங்' (மனதின் அரண் உடைந்தது) ஆகியவற்றோடு, பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் டியூஷனையும் குறைக்கும் அரசுக் கொள்கையின் பெயரும் உட்கார்ந்திருக்கிறது. இதழின் 2023 பட்டியலில் 'புதிய தர உற்பத்தி சக்திகள்' என்ற அரசியல் தலைமையின் தொடர் ஒரு பக்கம். 'தாட்ஸ' இன்னொரு பக்கம். தாட்ஸ என்றால் ஒரு காரியத்துக்கு மட்டும் கூட்டாளி: சாப்பிட ஒருவர், ஜிம்முக்கு ஒருவர், ஊர் சுற்ற ஒருவர். சீனாவில் எந்தப் பதினெட்டு வயதுக்காரரும் நண்பரிடம் உற்பத்தி சக்தி பற்றிப் பேசமாட்டார். கெட்ட வார்த்தை வாடை அடிக்கும் எதுவும் பட்டியலில் ஏறாது என்பதும் ஒரு குறை. கமெண்ட் பகுதியில் பாதி அந்த வாடைதான்.

தாமதம் இன்னொரு குறை. டிசம்பரில் பட்டியல் வரும்போது, அதில் இருக்கும் பல சொற்களை இளவட்டங்கள் கைவிட்டிருப்பார்கள். அப்பா அம்மாக்கள் அப்போதுதான் குடும்ப வீசாட் குழுவில் போட ஆரம்பித்திருப்பார்கள்.

இருந்தும் பட்டியலை நான் ஒதுக்கமாட்டேன். அதில் ஏறுகிற சொற்களில் சில அப்படியே பொதுமொழியில் தங்கிவிடுகின்றன. 'நெய்ஜுவான்' நல்ல உதாரணம். 1960களில் அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் ஜாவாவின் நெல் விவசாயத்தை விளக்கப் பயன்படுத்திய கருத்தின் சீனப் பெயர் அது: அதே வயலில் ஆள் மேல் ஆள் இறங்கி உழைத்தும் தலைக்குக் கிடைப்பது கூடாத நிலை. அரை நூற்றாண்டு அது ஆய்வாளர்களோடு கிடந்தது. 2020இல் சிங்ஹுவா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சைக்கிள் ஓட்டிக்கொண்டே லேப்டாப் பார்க்கும் படம் பரவியபோது எல்லோர் வாயிலும் வந்தது. எல்லோரும் பல்லைக் கடித்து ஓடுகிறோம், ஒருவரும் முன்னேறவில்லை என்ற அலுப்பு அந்த ஒரு சொல்லில் அடங்கியது. அடுத்த ஆண்டே அதற்குப் பதிலடியாக 'தாங்பிங்' வந்தது. ஓடவே வேண்டாம், படுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொலிட்பீரோ கூட்ட அறிக்கையிலேயே நெய்ஜுவான் பாணிப் போட்டியைத் தடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது. இன்றைக்கு மின்சாரக் கார் விலைப்போர் பற்றிய செய்தி எதையும் இந்தச் சொல் தெரியாமல் படிக்க முடியாது. வியாபாரத்துக்காகச் சீனம் படிப்பவர்கள் பட்டியலை மட்டும் படித்தால்கூடத் தப்பில்லை. அந்த உற்பத்தி சக்தியும் அவர்களுக்குத் தேவைப்படும்.

பிலிபிலி: திரையில் ஓடும் வகுப்பு

பிலிபிலி 2009இல் தொடங்கிய ஷாங்காய் நிறுவனம். அதன் அடையாளம் 'தான்மு': பார்வையாளர் எழுதும் கமெண்ட் வீடியோவின் மேலேயே வலமிருந்து இடமாகப் பறக்கும். ஜப்பானின் நிகோநிகோ தளத்தில் பிறந்த ஏற்பாடு இது. முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தலைவலி வரும். ஆனால் ஸ்லாங் கற்க இதற்கு ஈடான இடம் நான் பார்க்கவில்லை.

ஏனென்றால் சொல்லும் அது பிறக்கும் நொடியும் ஒன்றாக வருகின்றன. பட்டியல் 'போஃபாங்' என்றால் என்ன என்று சொல்லும். பிலிபிலியில், பல வருடம் ஊர் திரும்பாத மகன் வாசலில் நிற்கும் காட்சி வருகிறது, பாட்டி நிமிர்ந்து பார்க்கிறாள், அந்த நொடியில் திரை முழுக்க போஃபாங் போஃபாங் என்று நூறு பேர் எழுதியிருப்பார்கள். அகராதி இல்லாமலே அது உள்ளே போய்விடும். அடுத்த வாரம் கால்பந்துத் தோல்வியில் கோபப்பட்டு உளறும் ஒருவரைப் பார்த்து அதே சொல்லைக் கேலியாக எழுதும்போது, அதன் இரண்டாவது முகமும் தெரிந்துவிடும்.

ஒரு சமையல் வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். சிச்சுவானின் ஸ்ஸகோங்கைச் சேர்ந்த சமையல்காரர் வாங் காங் பிலிபிலியில் பெயர் பெற்றவர். சட்டியில் தாராளமாக எண்ணெய் ஊற்றும் ஒவ்வொரு முறையும் 'குவான் யோவ்' என்பார். ஓட்டல் சமையல்கட்டில் புழங்கும் சொல். அவர் வாயைத் திறக்கும் முன்பே தான்முவில் குவான் யோவ் பறக்கத் தொடங்கிவிடும். வீட்டுச் சமையலுக்கு ஒரு சட்டி எண்ணெயா என்ற கிண்டலும் அதிலேயே இருக்கிறது. சீன மக்கள் இதை 'கெங்' என்கிறார்கள்: திரும்பத் திரும்பச் சொல்லி எல்லோருக்கும் பொதுவான வேடிக்கை. கெங் என்ற இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிலிபிலி ஆண்டுதோறும் தன் தான்முவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கிறது. 2019இல் ஏடபிள்யூஎஸ்எல், 2020இல் 'யெ சிங் ஹுய்' (என் இளமை திரும்பிடுச்சு), 2021இல் போஃபாங், 2022இல் 'யோயா' (நேர்த்தி), 2023இல் வெறும் 'ஆ?', 2024இல் 'ஜியெ'. யாராவது நல்லது சொன்னால், அதிர்ஷ்டசாலி ஒருவரைக் காட்டினால், அந்த அதிர்ஷ்டத்தைக் கைநீட்டி வாங்கிக்கொள்வதாக 'ஜியெ' என்று போடுகிறார்கள். அரசு பட்டியலோடு வைத்துப் பார்த்தால், உண்மையில் மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்பதற்கு இதுதான் நெருக்கம்.

கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. வேகம் முதல் கஷ்டம். சுமார் 1,500 எழுத்தாவது கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்கள் இன்னும் ஆறு மாதம் பாடப்புத்தகத்தோடு இருப்பதே நல்லது. தான்முவின் அடர்த்தியையும் அது பறக்கும் பரப்பையும் அமைப்புகளில் குறைக்கலாம். திரையின் மேல் கால்பகுதியில் மட்டும் வரும்படி வைத்துக்கொண்டால் படிக்க முடிகிறது. இரண்டாவது, அனிமே, வீடியோ கேம் வாடை தூக்கல். 'முன்னால் உயர் ஆற்றல்' என்ற அர்த்தத்தில் வரும் 'சியான்ஃபாங் காவ்நெங்', அடுத்து ஏதோ அதிர்ச்சி வரப்போகிறது என்ற எச்சரிக்கை. விண்வெளிப் போர்க்கப்பல் கதைகளின் வசனம். 'அடுத்த தடவை கண்டிப்பா' என்று பொருள்படும் 'சியாட்ஸ யீதிங்', வீடியோ போட்டவர், பாராட்டாகப் போடும் காயினைக் கேட்கும்போது பார்வையாளர் கொடுக்கும் நழுவல் பதில். இவை அந்தச் சுவருக்குள்ளேயே அழகு. வாடிக்கையாளர் கூட்டத்தில் எடுத்துவிட்டால் பள்ளிக்கூடப் பையன் பேசுவதுபோல் இருக்கும்.

நீங்களே தான்மு எழுத வேண்டுமென்றால் முழு உறுப்பினர் ஆக ஒரு தேர்வு உண்டு: நூறு கேள்வி, அறுபது மதிப்பெண். தான்மு நாகரிகம் பற்றிய கேள்விகளும் வரும். படிக்க மட்டும் என்றால் அது தேவையில்லை. கற்பவர்களுக்கு முதல் ஒரு வருடம் படிப்பு மட்டும் போதும் என்பது என் எண்ணம்.

ஷியாவ்ஹோங்ஷுவும் வெய்போவும்

பிலிபிலி ஆண் பிள்ளைகளின் விடுதி அறை மாதிரி என்றால், 2013இல் தொடங்கிய ஷியாவ்ஹோங்ஷு நகரத்துப் பெண்கள் அதிகம் புழங்கும் இடம். உதட்டுச்சாயம், வாடகை வீடு, வேலைத் தேர்வு, மாமியார் என்று பேச்சு போகும். இங்கே கமெண்டுகள் ஓடாமல் நிற்கும். முழு வாக்கியமாக இருக்கும். நான்காம் நிலைக்காரருக்குப் பிலிபிலியைவிட இது எளிது. 'சோங்ட்சாவ்' (புல் நடுதல்) என்றால் ஒரு பொருளை வாங்கும் ஆசையை மனசில் விதைத்துவிடுவது. வாங்கியோ வெறுத்தோ ஆசை தீர்ந்தால் 'பாட்சாவ்', புல்லைப் பிடுங்கியாயிற்று. 'தூன்' (குத்தவைத்தல்) என்று ஒருவர் எழுதினால், பதில் வரட்டும், இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று பொருள்.

2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக் தடை வரப்போகிறது என்றதும் பெருங்கூட்டம் இந்தச் செயலிக்குள் புகுந்தது. பூனைப் படம் போட்டு 'பூனை வரி' கட்டினார்கள். சில நாளில் மொழிபெயர்ப்புப் பொத்தானும் வந்தது. கற்பவர்கள் அந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டால் சோங்ட்சாவும் தூனும் காணாமல் போய்ச் சாதுவான ஒரு வாக்கியம் மிஞ்சும்.

முன்னே விட்ட கெங்கை இப்போது எடுக்கலாம். புரியாத சொல்லை இந்தத் தேடுபெட்டியில் போட்டு, பின்னால் 'ஷ ஷென்ம கெங்', அதாவது இது என்ன கெங் என்று சேர்த்துத் தேடுங்கள். சீனர்களுக்கே பாதிச் சொல் புரிவதில்லை என்பதால், யாராவது உங்களுக்கு முன்பே கேட்டிருப்பார்கள். பத்துப் பேர் பதில் சொல்லியிருப்பார்கள், இரண்டு பேர் சண்டை போட்டிருப்பார்கள். ஏஐ சாட்பாட்டிடம் கேட்டால் மூலக்கதையோடு தெளிவாகச் சொல்லும். சிலசமயம் அந்த மூலக்கதையை அதுவே கட்டிவிடும். கெங் தேடலோடு ஒத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

வெய்போவை விரைவாகத் தாண்டலாம். அதன் 'ரெசோவ்' பட்டியல் அன்றைக்கு ஊர் எதைப் பேசுகிறது என்று காட்டும். மற்றபடி நடிகர்களின் ரசிகர் படைகள் தங்களுக்குள் பேசும் சுருக்கெழுத்துக் காடு. சீனத் தொடர்களின் வெறியர் என்றால் இறங்குங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு முடிவைப் பாதி சுலபமாக்கும் விஷயம் ஒன்று உண்டு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கோடு வீசாட்டும் வெய்போவும் இருந்தன. மற்றவை உங்கள் ஊரில் திறக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காவிட்டால் யூடியூபில் வாங் காங் போன்றவர்களின் வீடியோக்கள் கிடைக்கும். ஆனால் அங்கே கமெண்ட் எழுதுபவர்களில் தைவான்காரர் நிறைய. எழுத்து பழைய முறை, ஸ்லாங்கும் வேறு. தைவானில் 87 என்று யாராவது உங்களைச் சொன்னால் மதிப்பெண் என்று மகிழ வேண்டாம். 'பாய்ச்ச', முட்டாள் என்பதன் ஒலி அது. சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே சீனம் இருந்தாலும், ஹொக்கியன் என்ற தென்சீன மொழி கலந்த அந்தப் பேச்சின் ஸ்லாங்கை வைத்து பிலிபிலியைப் படிக்க முடியாது.

ஆள் எதற்கு

எந்தத் தளமும் சொல்லாத ஒன்றை ஆள் சொல்வார்: நீ எழுதியது எப்படி விழுந்தது என்று.

'ஹெஹெ' என்பது சிரிப்பின் ஒலிதான். இன்றைய சாட்டில் அதை இரண்டே எழுத்தாக அனுப்பினால், 'ஆமாமா, பெரிய ஆளு' என்ற அலட்சியமாகப் போய்ச் சேரும். வீசாட்டில் இருக்கும் சாதாரணப் புன்னகைப் பொம்மையும் அப்படித்தான். ஐம்பது வயது மேனேஜர் அதை நல்ல மனதோடு அனுப்புவார். இருபத்தைந்து வயது ஊழியர் அதை எரிச்சலாகப் படிப்பார். 'சரி' என்பதற்கு ஒற்றை 'ங்' போட்டால் முகத்தில் அடித்த மாதிரி, 'ங்ங்' என்று இரட்டித்தால் இதமாக இருக்கும். இவை ஸ்லாங் பட்டியலில் வரவே வராது, ஆனால் ஒய்ஒய்டிஎஸ் தெரியாமல் போவதைவிட இவை தெரியாமல் போவதுதான் உறவைக் கெடுக்கும்.

ஹலோடாக் போன்ற மொழிப் பரிமாற்றச் செயலியில் ஆள் தேடலாம், உடன் வேலை செய்பவரைக் கேட்கலாம். இந்த வழியின் பலவீனம், ஆளின் வயதுதான் உங்கள் ஸ்லாங்கின் வயது. நாற்பது வயதுக்காரர் 2012இன் சொற்களைத்தான் தருவார். மரியாதைக்காரராக இருந்தால் 'இதெல்லாம் நாங்க பேசுறதில்லை' என்று மூடிவிடுவார், பிறகு தன் நண்பருக்கு அதையே அனுப்புவார். அதனால் பொருள் கேட்டு அவர் நேரத்தைக் கரைக்காதீர்கள். அதைத் தேடுபெட்டி செய்யும். 'இதை உங்க பாஸுக்கு அனுப்புவீங்களா? அம்மாவுக்கு? முன்பின் தெரியாத பொண்ணுக்கு?' என்று கேளுங்கள். 'தியாவ்ஸ' என்ற சொல்லை, வக்கில்லாதவன் என்று தன்னைத்தானே கிண்டலடிக்கும் வார்த்தையாக வெளிநாட்டவர் கற்று வருவார்கள். அதன் முதல் எழுத்து ஆணுறுப்பு என்று ஆள்தான் முகம் சுளித்துக் காட்டுவார்.

அரசியல் ஓரமும் இருக்கிறது. தணிக்கையை ஏமாற்றப் பிறந்த ஒலிமாற்றங்கள் நிறைய: 2018இல் மீ டூ பேச்சு முடக்கப்பட்டபோது 'மி தூ', அரிசி முயல், என்று எழுதினார்கள். 2022 ஷாங்காய் ஊரடங்கின்போது 'ரூன்' பரவியது. ஈரப்பதம் என்ற எழுத்து, அதன் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதினால் 'ரன்', பொருள் நாட்டைவிட்டு ஓடு. 2024 அக்டோபரில் இணைய நிர்வாக அமைப்பும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து, ஒலிமாற்றச் சொற்களைக் களையெடுக்கும் இயக்கம் ஒன்றையே நடத்தின. இத்தகைய சொற்களைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். சீனாவில் இருக்கும் நண்பரின் குழுவில் நீங்கள் எழுதினால் சங்கடம் அவருக்குத்தான்.

ஆக, யாருக்கு எது? சப்ளையரோடு விலை பேசுபவருக்குப் பட்டியலும் ஒரு ஆளும் போதும். பிலிபிலிக்கு நேரம் செலவழிப்பது வீண். கூடவே ஒரு பழைய எச்சரிக்கை: எந்தப் பேரத்திலும் 250 என்ற எண்ணில் நிற்காதீர்கள், 'எர்பாய்வு' என்றால் அரைக்கிறுக்கு, 249 அல்லது 251 போடுங்கள். மருத்துவமோ பொறியியலோ படிக்கச் சீனா போகும் மாணவர் ஷியாவ்ஹோங்ஷுவில் தொடங்கட்டும். தன் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடினாலே கேன்டீன் முதல் ஹாஸ்டல் வார்டன் வரை அந்த ஊர்ப் பேச்சு கிடைத்துவிடும், போன பிறகு ஆளுக்குப் பஞ்சமில்லை. தொடர், கேம், அனிமே என்று ரசனைக்காக வருபவர்களுக்குப் பிலிபிலிதான், கேள்வியே இல்லை. மூன்றாம் நிலைக்குக் கீழே இருப்பவர்கள் எண்களை மட்டும் கற்றுக்கொண்டு நகரலாம்.

எந்த வழியில் போனாலும், சொல்லோடு சேர்த்து அதை எந்த மாதம் எங்கே பார்த்தீர்கள், எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் குறிப்பேட்டைத் திறந்து, இடையில் ஒருமுறைகூடக் கண்ணில் படாத சொற்களை அடித்துவிடுங்கள். அந்த நீலமெலிவுக் காளானை இன்று யாராவது எழுதினால், பழைய நினைவுக்காகத்தான் எழுதுவார்.